மாமாவுக்கு வராத ஸ்பானிஷ்

எனக்கு ஸ்பானிஷ் தெரியும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பிய ஓரிருவரும், இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டுவிட்டு நம்பிக்கையைக் கைவிட்டிருக்கிறார்கள். சோறு கேட்பேன், மீன் கேட்பேன், விலை கேட்பேன், விலை அதிகம் என்று முகம் சுளிப்பேன், கடைசியில் பில் கொண்டுவரச் சொல்வேன். அதோடு சரக்கு தீர்ந்துவிடும். ஸ்பெயின் ராஜாவே எதிரில் வந்து நின்றாலும், இன்னொரு துண்டு மீன் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

இந்த வித்தையை நான் கற்றது பினாங்கில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அப்போது எனக்குப் பத்து வயது. என்னைவிட அறிவாளி பினாங்குத் தீவில் இல்லை என்றும், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம் பக்கம் வேண்டுமானால் ஒருவர் இருக்கலாம் என்றும் நம்பிக்கொண்டிருந்த வயது.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கொல்லைப்புறத்துக்கு நேர் எதிரே ஒரு மாடி அறை. அதில் மணிலாவிலிருந்து வந்த வாத்தியக்காரர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். படக்கொட்டகையில் ஊமைப் படம் ஓடும்போது திரைக்குக் கீழே உட்கார்ந்து கிளாரினெட் வாசிப்பது அவர் வேலை. எங்களைப் போல அவரும் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கடைசி வரிசையில் நிற்பார். அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடுதான் இருந்தார். அவர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பார்ப்பார். முதல் முறை படத்துக்காக, இரண்டாம் முறை கிளாரினெட்டுக்காக.

அம்மாவுக்கு அந்த மணிலாக்காரர் மேல் ஒரே ஒரு புகார். அவர் சன்னலோரம் கரியடுப்பு மூட்டிச் சமைப்பார். புகை நேராக எங்கள் கொடிக்கு வந்து, வெளுத்துக் காயப்போட்ட துணியில் உட்காரும். அம்மா தினமும் அந்தச் சன்னலை அண்ணாந்து பார்த்துத் தமிழில் திட்டுவாள். அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு தலை குனிவார்.

பிறகு பேசும் படம் வந்தது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. திரையில் கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கிறது என்று நான் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திரைக்குக் கீழே வாத்தியக்காரர்களின் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பொய் சொல்வானேன், கவனித்தேன். ஒன்றை இழுத்துப்போட்டு அதன் மேல் காலை நீட்டிக்கொண்டுதான் படம் பார்த்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, அம்மா கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து மடித்தபடி அப்பாவிடம் சொன்னாள்.

"நாலஞ்சு நாளா புகை வரலைங்க."

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். "பீப்பி சத்தமும் காணோம்."

ஒருவழியாக அம்மாவின் துணிகளுக்கு விடிவுகாலம் வந்தது என்று எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அம்மா மகிழ்ந்த மாதிரித் தெரியவில்லை. பெண்களுக்கு எதிலும் திருப்தி கிடையாது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

அன்று மதியம் ஒரு தட்டில் சோறும் குழம்பும் வறுத்த மீனும் வைத்துத் துணி போட்டு மூடி, என்னிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பினாள். மணிலாக்காரர் கதவைத் திறந்தார். வீட்டில் சும்மா இருக்கும்போதும் படக்கொட்டகையின் வெள்ளைக் கோட்டைப் போட்டு, பித்தளைப் பொத்தான் அத்தனையும் மாட்டியிருந்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார், மூடினார். இப்போதுதான் சாப்பிட்டேன், வயிறு நிறைந்திருக்கிறது, உன் அம்மாவுக்கு நன்றி சொல் என்று மலாயில் சொல்லிக் கதவைச் சாத்தினார். மறுநாளும் அப்படியே. இவ்வளவு சாப்பிடுகிற மனிதர் எப்படி இவ்வளவு ஒல்லியாக இருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். படியிறங்கும்போது தட்டில் ஒரு மீன் குறைந்தது. அம்மா விசாரித்தபோது நான் ஒரு பூனையைப் பற்றி விளக்கமாகப் பேசினேன்.

அந்த வாரக் கடைசியில்தான் மாமா சாப்பாட்டின் நடுவே அறிவித்தார்.

"அக்கா, நான் மணிலா போறேன். அங்க ஒரு கடையில கிராணி வேலை இருக்காம். ஆனா ஸ்பானிஷ் தெரியணுமாம். சாப்பாட்டுக் கடையில, சந்தையில பேசுற அளவுக்கு இருந்தா போதுமாம்."

மாமா துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் கிராணி. அவர் திட்டங்கள் பெயர்பெற்றவை. அதற்கு முந்தைய திட்டம் கெப்பாலா பத்தாஸில் வாத்துப் பண்ணை. வாத்து முட்டைக்குள்ளேயே இருக்கும்போது அப்பா அதைக் கொன்றுவிட்டார். எனவே மணிலாவுக்கு என்ன கதி நேரப்போகிறதோ என்று ஆவலோடு அப்பாவைப் பார்த்தேன்.

"நல்ல யோசனைதான் மச்சான். கத்துக்க," என்றார் அப்பா. எனக்குப் புரையேறிவிட்டது.

மாமா மாடிக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். இலக்கணத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார் மணிலாக்காரர். அதற்கெல்லாம் நேரமில்லை, சாப்பாடும் சந்தையும் போதும் என்றார் மாமா. பாடத்துக்கான சம்பளத்தை மாமா மணிலா போய்ச் சேர்ந்ததும் அனுப்புவதாகப் பேச்சு. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் பாடம். அது நீங்கள் சாப்பிடும் நேரமாயிற்றே என்று அவர் தயங்கியபோது மாமா பொங்கிவிட்டார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? சாப்பாடு இல்லாம சாப்பாட்டுப் பாடம் எப்படி நடத்துறது? நீங்க கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக் காட்டினாத்தானே நான் பாத்துச் சாப்பிட முடியும்?"

இதை மாமா மலாயில் சொன்னார். மணிலாக்காரர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, முறைப்படி பார்த்தால் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும் பீங்கான் தட்டுகள் தினசரி வந்தன. அப்பாவின் எழுத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதைச் சாப்பாட்டு மேசையாக்கினார்கள். மாமாவும் மணிலாக்காரரும் வாடிக்கையாளர்கள். நான் பரிமாறுபவன், தோளில் துண்டோடு. அம்மாவும் சமையலறையும் அவரவர் இடத்தில். இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டு தொடங்குவார்கள்.

"அர்ரோஸ், போர் ஃபவோர்," என்பார் ஆசிரியர். சோறு தாருங்கள் என்று பொருள். நான் ஓடுவேன். "பெஸ்காதோ, போர் ஃபவோர்." மீனுக்கு ஓடுவேன். மாமாவின் முறை வரும்போது அவர் மீனைக் கேட்க நினைத்துப் பில்லைக் கேட்பார். சிரிப்பை அடக்க நான் துண்டைக் கடித்துக்கொள்வேன். ஆசிரியர் சலிக்காமல் முதலிலிருந்து சாப்பிட்டுக் காட்டுவார்.

சிக்கல் வந்தது 'பாஸ்தா' என்ற சொல்லில். போதும் என்று அர்த்தம். அவர் தட்டின் மேல் கையை விரித்து "பாஸ்தா" என்றதும் பரிமாறுபவன் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன். அம்மா நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி. வேண்டவே வேண்டாம் என்றால் அரைக் கரண்டி. சாப்பாட்டுக் கடையில் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அவர் மலாயில் விளக்கினார்.

"அது கடை. இது வீடு. கையை எடுக்கச் சொல்லுடா, குழம்பு சுடும்."

அவர் கையை எடுத்தார். "கிராசியாஸ், சென்யோரா," என்றார். நன்றி அம்மணி என்று அர்த்தம். அம்மாவுக்கு ஸ்பானிஷில் பிடித்த ஒரே வார்த்தை அந்த சென்யோராதான். அதன் பிறகு அவளுக்கு அரிசியில் கல் பொறுக்கும்போதுகூட முதுகு நிமிர்ந்துவிட்டது.

ஒருநாள் நான் கேட்டேன், எனக்குப் பசிக்கிறது என்பதற்கு ஸ்பானிஷில் என்ன என்று. அவர் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அந்த வாக்கியம் சாப்பாட்டுக் கடைக்குத் தேவைப்படாது என்றார். சொல்லாமலே தெரியுமல்லவா என்றார். பிறகு எனக்குத் தண்ணீர் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்.

சந்தைப் பாடம் கொல்லையில் நடந்தது. கத்தரிக்காயும் கருவாடும் பரப்பிக்கொண்டு நான் கடைக்காரன். ஆசிரியர் விலை கேட்டார்: "குவாந்தோ?" சொன்னேன். "முய் காரோ," ரொம்ப அதிகம், என்றார். பிறகு பேசாமல் அங்கேயே நின்றார். அடுப்படியிலிருந்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அதிகம்னு சொல்லிட்டு மரமாட்டம் நின்னா எவன்டா குறைப்பான்? நடக்கச் சொல்லு அவரை. நாலு எட்டு போனாத்தான் பின்னாடியே கூப்பிடுவான், வாங்கய்யான்னு."

நான் மொழிபெயர்த்தேன். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். நான் விலையைக் குறைத்துக் கூவினேன். திரும்பவில்லை. இன்னும் குறைத்தேன். கொல்லைக் கதவைத் தாண்டி, சந்தின் முனையைத் தாண்டி, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஓடிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கூப்பிட்டால் திரும்ப வேண்டும், அதுதான் பேரம் என்று மாமா அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று.

"இந்த மனுஷன் நடக்க ஆரம்பிச்சா திரும்ப மாட்டாரு," என்றாள் அம்மா, மாமாவை மட்டும் பார்த்து.

மாதங்கள் போயின. மாமா மீனைத் தாண்டவில்லை. நானோ பில் வரைக்கும் போய்வந்துவிட்டேன். இனி கப்பல் பாடம், முடிவெட்டும் பாடம், ரயில் பாடம் என்று என் அறிவு முன்னே ஓடத் துடித்தது. இந்த மந்தத்தால் நானும் மீனிலேயே கிடக்க வேண்டுமா? அப்போதுதான் ஒரு காலையில், குளியலறைக்குள்ளிருந்து மாமாவின் குரல் கேட்டது. தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சோறு, மீன், தண்ணீர், விலை, பில், எல்லாம் வரிசையாக, ஒரு பிசகில்லாமல், கூடவே ஆசிரியரின் இருமலையும் சேர்த்து.

அன்று சாயங்காலம், சிலுவை போட்டு முடித்ததும், நான் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு அறிவித்தேன். மலாயில் சொன்னேன், ஆசிரியருக்குப் புரிய வேண்டுமே.

"மாமாவுக்கு எல்லாம் தெரியும் சார். பாத்ரூம்ல ஒப்பிக்கிறாரு. வேணும்னே தப்புத் தப்பா சொல்றாரு."

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அப்பா பத்திரிகையை உயர்த்திக்கொண்டார். அம்மா கையில் கரண்டி பாதி வழியில் நின்றது. மணிலாக்காரர் மாமாவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்; பீங்கான் தட்டுகளை, வெள்ளைத் துணியை, மீனை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கோட்டின் கடைசிப் பொத்தானை மாட்டினார். அம்மாவுக்குத் தலை குனிந்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். கொல்லையில் நடந்த அதே நடை.

அம்மா மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "டேய் தம்பி, போறாருடா."

மாமா எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சந்தைக்காரன் குரலில் கத்தினார்.

"குவாந்தோ! குவாந்தோ! சென்யோர், குவாந்தோ!"

மணிலாக்காரர் வாசற்படியில் நின்றார். திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அந்த முதுகு மலாயில் பேசியது.

"அது வாங்குபவன் கேட்பது. போகிறவனைக் கடைக்காரன் அப்படிக் கூப்பிட மாட்டான்."

"பாத்தீங்களா சார்?" என்றார் மாமா. "எனக்கு இன்னும் ஒண்ணுமே வரல. இந்தப் பய கெடக்கான். தனியா இருந்தா வருது, ஆள் முன்னாடி மறந்துபோகுது. நீங்க விட்டுட்டுப் போனா நான் மணிலாவுல பட்டினிதான்."

மணிலாக்காரர் திரும்பினார். கடைக்காரன் கூப்பிட்டுத் திரும்பிய வாடிக்கையாளரைப் போலத்தான் வந்தார். நாற்காலியில் அமர்ந்தார். இந்த மாணவருக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும், நாளாகும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கோட்டின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினார். பிறகு, அம்மா கரண்டியை நீட்டும்போதெல்லாம் அதுவரை 'பாஸ்தா' மட்டுமே சொல்லிவந்தவர், தட்டை இரண்டு கைகளாலும் எடுத்து அம்மாவின் பக்கம் நீட்டினார்.

"மாஸ், போர் ஃபவோர், சென்யோரா."

இன்னும் கொஞ்சம் தாருங்கள் என்று அர்த்தம். இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று நான் கேட்டேன். அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, வாயை மூடிக்கொண்டு சோறு எடுத்து வா என்றார்.

ஈஸ்டர் கழிந்து அவருக்கு ஒரு கப்பலின் வாத்தியக் குழுவில் இடம் கிடைத்தது. போவதற்கு முந்தின நாள் மாமாவைப் பரீட்சித்துப் பார்த்தார். மாமா ஒரு பிழையில்லாமல் சாப்பாடும் சந்தையும் சொல்லி முடித்தார். இருவரும் வெகுநேரம் கைகுலுக்கினார்கள். கப்பல் போன பிறகு மாமாவின் மணிலாவும் எங்கோ போய்விட்டது; அவர் கடைசிவரை பட்டர்வொர்த் படகைத் தாண்டி எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. வாத்துப் பண்ணையைச் சாகும்வரை சொல்லிக் காட்டிய அப்பா, மணிலாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துணிகள் வெள்ளை வெளேரென்று காய்ந்தன. அம்மா அந்தச் சன்னலை அண்ணாந்து பார்த்து, திட்ட ஒன்றுமில்லாமல் உள்ளே வருவாள்.

நான் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் வாத்தியாராகிவிட்டேன். ஒரு வார்த்தைக்கு ஒரு கொய்யாக்காய். ஒருநாள் ஒரு பையன், இரண்டு கொய்யாவை ஒன்றாக நீட்டி, எனக்குப் பசிக்கிறது என்பதற்கு ஸ்பானிஷில் என்ன என்று கேட்டான். நான் கொய்யாவை வாங்கிக் கடித்துக்கொண்டே சொன்னேன், என் வாத்தியாருக்கு எல்லாம் தெரியும், அது ஒன்று மட்டும் தெரியாது என்று.