பேசித் தீர்த்த அத்தியாயம்

என் தோழி இன்றைக்கு இரண்டு பக்கம் எழுதினாள் என்று கேள்விப்பட்டால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். அதிலும் அவள் எழுதியது எங்கள் தாராவிச் சந்துகளைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம்.

மும்பையில் செம்பூரைத் தாண்டி இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியையிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். தாராவியின் தோல் பட்டறைகள்தான் இருவருக்கும் ஆய்வுப் பொருள். நான் அந்தப் பட்டறைகளுக்கு நடுவே பிறந்தவள். வாப்பா பட்டறையில் வேலை பார்த்தார், உம்மா வீட்டிலேயே உட்கார்ந்து பர்ஸுக்குப் பசை தடவினாள், பிசிறு நூலை வெட்டினாள். தோழி மாட்டுங்காக்காரி, தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் குடும்பம். முதல் தடவை எங்கள் சந்துக்குள் வந்தபோது சாக்கடையைத் தாண்ட என் கையைப் பிடித்துக்கொண்டவள். அப்படிப்பட்டவளிடம் இரண்டு அத்தியாயம் தயாராக இருந்தது. என்னிடம் ஒரு தலைப்பு இருந்தது.

அடுத்த வருட மழைக்காலம் முடிவதற்குள் ஒரு முழு அத்தியாயம் தராவிட்டால் பதிவை நீட்டிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். பதிவு போனால் இத்தனை வருடப் படிப்பும் போச்சு, அதை நம்பியிருந்த விரிவுரையாளர் வேலையும் போச்சு. வீட்டோடு வேலை செய்யும் பெண்களைப் பற்றிய அத்தியாயம் அது. எனக்கு வராதா என்ன? கண் திறந்த நாளிலிருந்து பார்த்ததுதானே.

ஆனால் வரவில்லை. நான் செய்தது இதுதான். காலையில் எங்கள் பக்கத்திலேயே நாலு வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, பஸ் பிடித்து மத்தியானம் கேன்டீனுக்கு வருவேன். வந்ததும் ஆரம்பித்துவிடுவேன். வேலை கொடுக்கும் சேட்டு எப்படிச் சரக்கைத் திருப்பிப் போட்டான், பக்கத்து வீட்டு அக்கா அவனை என்ன கேட்டாள், எல்லாவற்றையும் நடித்தே காட்டுவேன். தமிழ் தெரியாதவர்களுக்கு ஹிந்தியில் இன்னொரு ஆட்டம். மேஜையே விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் லேப்டாப்பைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. ஒரு தடவை சொல்லிச் சிரித்து முடித்த விஷயம், எழுத உட்காரும்போது ஆறிப்போன டீயாக இருக்கும். இன்னும் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எழுதலாம் என்று தோன்றும். படிப்பேன். முதல் வரியை அழித்து எழுதுவேன். அந்த முதல் வரி எத்தனை சட்டை மாற்றியது என்று அதற்கே தெரியாது.

அவள் வழக்கம் நேர் எதிர். பட்டறைப் பக்கம் போய்விட்டு வந்தால், பார்த்ததை எழுதி முடிக்கும்வரை யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள். "பேசிட்டேன்னா போயிடும்டி, அப்புறம் எழுதவே வராது" என்பாள். அவள் அம்மா காபியை மேஜையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவாராம். இதைக் கேட்டபோது அவள் மூளையைவிட அந்தக் கதவின்மேல்தான் எனக்குப் பொறாமை வந்தது. எங்கள் வீட்டில் சாத்துவதற்கு உள்கதவே கிடையாது.

அந்த வருடம் ஒரு நாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேன்டீனில் வழக்கம்போல நான் உம்மாவைப் போல நடித்துக்கொண்டிருந்தேன். மழை வந்தால் தோலில் பூஞ்சை பிடிக்கும், சேட்டு சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் வீட்டில் இருக்கிற ஒரே கட்டிலில் தோலை அடுக்கிப் போர்வை போட்டு மூடிவிட்டு, எங்களை ஈரத் தரையில் படுக்கச் சொல்வாள். "'மழைன்னா கட்டிலு தோலுக்கு, தரை நமக்கு. பேசாமப் படுங்கட்டி'ம்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தோழி சிரிக்கவில்லை.

"இதை நான் எழுதிக்கட்டுமா? உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"எழுதிக்கிடு. எங்கிட்ட இந்த மாதிரி மூட்டை மூட்டையாக் கெடக்கு" என்றேன். எனக்கு அப்போது பெருமை வேறு.

சில மாதம் கழித்து அவள் கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. பேராசிரியை அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாராட்டியிருந்தார். பஸ்ஸில் நின்றபடி படித்தேன். 'தாராவியில் வசிக்கும் ஓர் இளம்பெண் கூறியது' என்று தொடங்கி, கட்டில், தோல், தரை, எல்லாம் இருந்தது. முதலாளி கொடுக்காத கிடங்கு வாடகையைத் தொழிலாளியின் தூக்கம் கொடுக்கிறது என்று அதிலிருந்து ஒரு கருத்தையும் எடுத்திருந்தாள். நன்றாகத்தான் எடுத்திருந்தாள். அந்த இளம்பெண் நான். அவளோடு சேர்ந்து படிக்கும் ஆராய்ச்சியாளர் அந்தக் கட்டுரையில் எங்குமே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் திருடியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். கேட்டுவிட்டல்லவா எடுத்தாள்! போதாததற்கு மாட்டுங்காவில் டிபன் வேறு வாங்கிக் கொடுத்தாள். கோபத்தில் ஒரு நெய் ரோஸ்ட் கூடுதலாகச் சாப்பிட்டேன். அவள் அதற்கும் சந்தோஷமாகக் காசு கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து வாயை மூடினேன். அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை, ஆனால் அதுதான் உண்மை. நாலு வீடு பார்த்துவிட்டுப் பஸ் ஏறினால், இறங்கும்வரை போனில் தட்டிக்கொண்டே போவேன். தமிழும் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து கண்டபடி இருக்கும். சரி பார்க்க மாட்டேன். வீட்டில் எழுதும்போது, "கொஞ்ச நேரம் எங்கிட்டப் பேசாத உம்மா" என்பேன். "ஏன், பேசுனா வாயில இருக்க முத்து உதுந்துருமாக்கும்?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கேன்டீனில் தோழி, "இன்னிக்கு என்ன கதை?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அவள் முகம் வாடும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அடுத்த வருடம் மழை விடுவதற்குள் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டேன். பேராசிரியை நன்றாக வந்திருக்கிறது என்றார், நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு திருத்தம்தான். கட்டில் வரும் பத்திக்குப் பக்கத்தில், 'இந்தக் கருத்து ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது, அதை மேற்கோள் காட்டவும்' என்று தோழியின் கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார். எங்கள் தொழிலில் முதலில் அச்சில் சொன்னவர்தான் சொன்னவர்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டிருந்தேன். உம்மா பர்ஸுக்கு நூல் வெட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி எழுதுத?"

"நீ சொன்னதத்தான். மழைக்கு நம்ம கட்டில்ல தோலு போட்டு வைப்பியே, அது."

"அதையா? எம்பேரு போட்டிருக்கியா?"

"இல்ல உம்மா. அந்த மாட்டுங்காப் பிள்ள பேரு."

உம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவ எப்பட்டி நம்ம வீட்டுத் தரையில படுத்தா?"

நான் தோழியின் பெயரைத் தட்டி, பக்கத்தில் வருடத்தையும் போட்டேன்.