கதவடியில் நிற்பவரை யார் நீக்குவது

அந்த ஆரஞ்சு ஜாக்கெட் ஒரு கிழமையாக எங்கள் வீட்டு வாசல் கொக்கியில் தொங்கியது. வேலைக்குப் போகும்போதும் அதில்தான் கண் விழும், திரும்பி வரும்போதும் அதில்தான். அதன் பைக்குள் கோயில் பின்கதவின் திறப்புச் சாவி கிடந்தது.

எங்கள் கோயில், சுவிஸில் தொழிற்பேட்டை ஒன்றில் வாடகைக்கு எடுத்த மண்டபம். கற்பூரமும் சனமும் ஒன்றாகச் சேரும் இடம் என்பதால், உள்ளே எத்தனை பேரை விடலாம் என்று தீயணைப்புப் பகுதி எல்லை போட்டிருக்கிறது. கதவில் நின்று அதைக் கவனிக்க ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரைப் பொதுக்கூட்டம் தெரிவு செய்யும். நீக்குவதென்றாலும் பொதுக்கூட்டம்தான் நீக்க வேண்டும், அதுவும் காரணம் சொல்லி. கோயில் தலைவர் அதில் கை வைக்க ஏலாது. ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுவார்கள். நாங்கள் வடை சாப்பிட்டுக்கொண்டு கேட்போம்.

அந்தப் பொறுப்பில் இருந்தவர் லுசேர்ணில் பஸ் ஓட்டும் ஒரு அக்கா. போன பூசையில் மண்டபம் நிறைந்ததும் கதவை மறித்துவிட்டார். வெளியே மழையில் நனைந்தவர்கள் தலைவர் அழைத்து வந்த விருந்தினர்கள். மறுநாளே கோயில் வாட்ஸ்அப்பில் தலைவரின் குரல் பதிவு வந்தது, அக்காவை நீக்கிவிட்டாராம். பிறகு பொறுப்பாளரின் ஜாக்கெட்டோடு என் வீட்டுக்கே வந்தார்.

“தம்பி, திருவிழாவுக்கு நீ நில். உனக்கு வாயும் இல்லை, பிரச்சினையும் இல்லை.”

வாங்கிவிட்டேன். அகதி விண்ணப்பக் காலத்தில் எனக்காக அதிகாரிகளிடம் டொச் மொழியில் கதைத்தவர் அவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவர் முன்னால் ‘இல்லை’ என்ற சொல் எனக்கு வராது.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. ஹோட்டல் குசினியில் கிழங்கு சீவும்போதும் அதே யோசனைதான். அக்காவும் வந்து கதவில் நின்றால்? சனம் நெரிபட்டால் பொலிஸ் யாரைப் பிடிக்கும்?

ஒரு பின்னேரம் தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி போனது. சுயாதீன அமைப்புகளின் தலைவர்களை ஜனாதிபதி தன் பாட்டில் நீக்கலாமா என்று அங்கே வழக்கு. மனைவி சிரித்தாள்.

“அங்க கேக்க நீதிமன்றம் இருக்கு. இங்க நீங்கள்தான் இருக்கிறியள்.”

“பகிடி விடாதை.”

“சரி, அந்த மனிசன் கதவைத் திற எண்டால் திறப்பியளோ, இல்லையோ?”

திறப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்லி வந்தவன் அவர் சொன்னால் போகவும் வேண்டும். அக்காவுக்கும் அன்றைக்குப் பயம் இருந்திருக்கும். ஆனால் தன்னைத் தலைவரால் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் கதவு மூடியிருந்தது.

ஞாயிறு காலை தலைவர் வீட்டு மணியை அடித்தேன். ஜாக்கெட்டை நீட்டினேன்.

“என்ன, பயமோ?”

“ஓம் அண்ணை, பயம்தான். நீங்கள் திற எண்டால் நான் திறந்துபோடுவன். உள்ளுக்குப் பிள்ளையள் நிப்பினம்.”

“உன்னை ஆர் யோசிக்கச் சொன்னது?”

ஜாக்கெட்டை வாங்காமலே கதவைச் சாத்தினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் அந்தக் கொக்கிதான். அக்காவின் பஸ் வரும் தரிப்புக்கு நடந்தேன்.

பஸ் வந்து கதவு திறந்தது. ஏறாமலே நீட்டினேன்.

“அக்கா, இது உங்கட.”

அக்கா வாங்கித் தன் இருக்கைக்குப் பின்னால் போட்டார்.

“பொதுக்கூட்டம் என்னை நீக்கேல்லை எண்டு கூட்டத்தில எழும்பிச் சொல்லுவியளோ?”

எனக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளைத் தள்ளுவண்டியோடு காத்து நின்றாள்.

“சொல்லுவன்.”

“அப்ப ஏறுங்கோ. சனம் நிக்குது.”

ஏறி உட்கார்ந்தேன். திருவிழாவுக்கு முந்தின பொதுக்கூட்டம் வெள்ளிக்கிழமை. ‘தலைவர் அவர்களே’ என்று தொடங்குவதா, ‘அண்ணை’ என்று தொடங்குவதா? கடைசித் தரிப்பு வரை எனக்குப் பிடிபடவில்லை.