தடிக்காத கை

இடுப்பில், புடவை செருகும் இடத்தில், வட்டமாகச் சிவந்து அரித்தது. டெல்லி மோதி பாக்கில் எங்கள் குடியிருப்புக்கு வெளியே இருந்த மருந்துக்கடைக்காரர், "கர்மி, வெயில் சூடுதான், வேற ஒண்ணுமில்ல" என்று ஒரு களிம்பு கொடுத்தார். அதில் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்திருந்தது எனக்குத் தெரியாது. பத்து நாள் அடங்கியது. பூசுவதை நிறுத்தியதும் தொடைவரை பரவியது. படர்தாமரை. இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

அடுத்த வருடம் என் மகள் நிலாவின் கன்னத்திலும் அதே வட்டம். ஆறு வயது, என்மேல் முகம் புதைத்துத்தான் தூங்குவாள். அவளுக்கு மூன்று வாரத்தில் மறைந்தது. எனக்கு மறையவில்லை.

அன்றிலிருந்து தனிப் படுக்கை, தனித் துண்டு. அவள் ஓடிவந்தால் கை நீட்டித் தடுப்பேன். "ஒழுங்காத்தான் குளிக்கிறியா?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். அன்று நான் மூன்று முறை குளித்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தோல் மருத்துவர், செல்வழி எதிர்ப்புத்திறனைச் (கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளணுக்களின் திறன்) சோதிக்கலாம் என்றார். படர்தாமரைப் பூஞ்சையின் சாற்றில் ஒரு துளியை முன்கையில் ஊசியால் ஏற்றினார்.

"ரெண்டு நாள்ல தடிச்சுச் சிவந்தா, உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம்" என்று இந்தியில் சொன்னார்.

அலுவலகத்தில் கோப்புகளை வைத்துவிட்டுக் கையையே பார்த்திருந்தேன். ஒரு தடிப்புக்காக அப்படி ஏங்குவேன் என்று நினைத்ததில்லை. வரவில்லை. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"மத்ததையெல்லாம் உங்க உடம்பு எதிர்க்குது. இந்தப் பூஞ்சையை மட்டும் அதுக்கு அடையாளம் தெரியல."

"என் தப்பா, டாக்டர்?"

"இல்ல. ஆனா மாத்திரை பல மாசம் சாப்பிடணும். திரும்பவும் வரலாம்."

குழந்தையைத் தொடாமல் இருப்பதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "துவைச்ச முழுக்கைச் சட்டை போட்டுட்டு அணைச்சிருக்கலாமே அம்மா. யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்கு நான் சொல்கிறேன்.

அவர் சொல்லியும் எனக்குப் பயம் விடவில்லை; தோல் தெளிய அந்த வருடமும் முடிந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய நிலாவை அணைத்தேன். கைகளைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றாள்.

"அரே அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

விட்டுவிட்டேன்.

இப்போதும் குளித்ததும் உடம்பைத் தடவிப் பார்க்கிறேன். இது நோய் திரும்பி வரக்கூடிய உடம்பு, பழகிவிட்டது. ஏழு வயதில் என் மகளைத் தூக்கியிருந்தால் எவ்வளவு கனம் இருந்திருப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. எட்டு வயதிலும்.