தளராத பெல்ட்

“நீ பெல்ட்ட அழுத்திப் பாக்கிறப்ப, மோட்டார்ல யாராச்சும் உட்காந்திருந்தாங்களா?”

கேட்டவர் குணாளன் மாமா, என் அக்கா வீட்டுக்காரர். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே இங்கே எழுதுகிறேன். ஒரு வரிகூடக் கூட்டவில்லை.

நாலாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். தேயிலைக்காட்டை ஒட்டியிருக்கும் மாமாவின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறேன். புது ஆள் வந்தால் எனக்குப் பேச வராது. அதனால் மாமா கம்போங் ராஜா டவுனுக்குக் கிளம்பினால், இரும்புக் கதவை இறக்கி வெளியே பூட்டிவிடச் சொல்வேன். அன்றும் நானேதான் பூட்டச் சொன்னேன்.

கோலா தெர்லா ஊர்க்காரர் சசிதரன் ஒரு பெரிய மோட்டாரை விட்டுப் போயிருந்தார். சங்கிலிக்குப் பதில் பெல்ட். ரொம்ப இறுகிக் கிடக்கிறது, ஐந்தரைக்கு வருகிறேன் என்றாராம். ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி பெல்ட் இறுகும். அதனால் யாரும் உட்காராதபோதுதான் அளவு பார்க்க வேண்டும்.

மணி 4.10. வெளியே பனிமூட்டம். பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கினேன். இடப்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து பெல்ட்டை அழுத்தினேன். ஒரு விரல் அளவு அசைய வேண்டும். கம்பி மாதிரி நின்றது. அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துத் திருகையும் கால் சுற்று விட்டேன். சரியாக வந்தது.

4.22. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அழுத்தினேன். மறுபடியும் கம்பி.

இன்னும் கால் சுற்று. சரியானது. நட்டை இறுக்கினேன். அழுத்தினேன்... கம்பி.

4.35. அப்போதுதான் பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தேன். அமுங்கியிருந்தது. நல்ல கனமான ஆள் ஏறினால் அமுங்குமே, அவ்வளவு.

மேலே பார்த்தேன். சீட் காலி.

கிர்ர்ர்...

ஸ்பிரிங் மெதுவாக நிமிர்ந்தது. பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. மோட்டார் லேசாக என் பக்கம் சாய்ந்து நின்றது.

மோட்டாரிலிருந்து எல்லாரும் இடப்பக்கம்தான் இறங்குவார்கள்.

நான் இடப்பக்கம் இருந்தேன்.

கதவுக்கு ஓடினேன். அடித்தேன். சாலையில் லோரிகள் போயின. யாரும் நிற்கவில்லை. கைப்பேசியில் லைன் இல்லை.

பெல்ட்டை இப்படியே விட்டால் இறக்கத்தில் அதன் பல் சக்கரத்தில் பிடிக்காமல் தாவும். சசிதரன் பிழைக்கமாட்டார்.

திரும்பிப் போனேன். திருகினேன். ஒரு விரல் அளவு. அப்படியே நின்றது.

4.51.

முக்காலி நான் விட்ட இடத்தில் இல்லை.

சுவரோடு ஒட்டி நின்றேன்.

5.20. பூட்டுச் சத்தம். மாமாவும் சசிதரனும். திருகுகளைத் திரும்பத் திரும்பத் திருகிய தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாமா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு சசிதரன் பக்கம் திரும்பினார்.

“கோலா தெர்லாவிலேருந்து தள்ளிக்கிட்டே வந்தீங்களாமே அண்ணே? டவுன்ல சொல்லிச் சிரிக்கிறாங்க லா.”

சசிதரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மூணு வாரமா ஏறவே முடியல தம்பி. உட்கார எடமில்ல.”

மாமா சிரித்தார்.

சசிதரன் சீட்டை அழுத்திப் பார்த்தார். மோட்டாரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஏறி உட்கார்ந்தார். ஆடிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

பிறகு என்னைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

தனியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.