எனக்கென்ன தெரியும் என்று சொன்னது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதுவும் மட்டாஞ்சேரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில். எழுதும் பழக்கம் விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று எனக்கு எப்போதும் குழப்பம். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும், சிலது மறந்தும் போயிருக்கும். என் பிள்ளைகள் மலையாளம்தான் படிப்பார்கள். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் பேசியது மலையாளமும் தமிழும் கலந்தது. என் காதில் நிற்கிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

போர்ட் கொச்சியில் ஒரு வீட்டில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஐந்து அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடும் வீடு. ஹோம்ஸ்டே என்பார்கள். படுக்கை விரிப்பு மாற்றுவது, கூட்டித் துடைப்பது, அடுக்களையில் வீட்டு அம்மச்சிக்குக் கூடமாட நிற்பது, இவைதான் என் வேலை. அம்மச்சிக்கு முட்டி வீங்கிய பிறகு அடுக்களையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். உப்பு பார்ப்பார்கள், ஊர்க்கதை சொல்வார்கள். சமையல் முழுவதும் மெல்ல மெல்ல என் கைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பத்திரியை அங்கே காலை உணவாகக் கொண்டுவந்ததும் நான்தான். அரிசிமாவைக் கொதிக்கும் நீரில் கிளறி, சூடு ஆறுமுன் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் இல்லாமல் சுடும் ரொட்டி அது. கூடவே தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறி.

விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு, யார் செய்தது என்று கேட்பார்கள். அம்மச்சி அடுக்களைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். நான் அதற்குள் கதவுக்குப் பின்னால் போயிருப்பேன். வெளியாள் முகம் பார்த்துப் பேச எனக்கு இந்த வயதிலும் கூச்சம். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் அம்மச்சிதான் சமைத்தார் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. விடியும் நேரத்தில் அந்த அடுக்களையில் நின்று மாவு பிசைகிற அரைமணி நேரம் என்னுடையது. எனக்கு அது போதும்.

போன மழைக்காலம் முடிந்ததும் அம்மச்சி தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாடி ஏற முடியாமல் ஆகிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர்களுடைய மருமகள் வந்தாள். அதுவரை கலூரில் இருந்து ஓர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள். நல்ல பெண், வேகமானவள். வந்த முதல் நாளே ஒரு நோட்டும் பேனாவுமாக என் முன் வந்து நின்றாள்.

"இத்தா, தினமும் பத்துப் பேருக்குச் சமைக்கணும். உங்களால பற்றுமா?"

இத்தா என்றால் அக்கா. பற்றுமா என்றால் மலையாளத்தில் முடியுமா என்று அர்த்தம்.

இங்கே எங்கள் ஆட்களின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணிடம் இது உனக்கு வருமா என்று கேட்டால், முதல் தடவை இல்லை என்றுதான் சொல்வாள். என் அம்மா கல்யாண வீடுகளில் நெய்ச்சோறு ஆக்குவதில் கெட்டிக்காரி. அவளிடமே வந்து கேட்பார்கள். "எனக்கென்ன தெரியும், நல்லாச் செய்யறவங்களைக் கூப்பிடுங்க" என்பாள். மறுபடி கேட்பார்கள். "ஐயோ, நான் செஞ்சா குழைஞ்சிடும்" என்பாள். மூன்றாவது தடவை கேட்கும்போது முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும், மூன்று தடவை கேட்பார்கள். முதல் தடவையே சரி என்றவளை வாய்க்காரி என்று பேசுவார்கள்.

நானும் அந்தப் பழக்கத்தில், "எனக்கெங்கே மோளே, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். சொல்லிவிட்டு இரண்டாவது தடவைக்காக நின்றேன்.

"ஓகே இத்தா, சாரமில்லை" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கோட்டை நான் பார்த்தேன். ஓடிப்போய், தெரியும் என்று சொல்லியிருக்கலாம். கால் நகரவில்லை. கேட்காமல் நாமாகப் போய்ச் சொல்வது அதைவிட வெட்கம்.

நாலு நாளில் அக்கரையில் இருக்கும் வைப்பின் தீவிலிருந்து சமையலுக்கு ஒரு சேச்சி வந்தாள். கணீரென்ற குரல், மீன் வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் காலையில் ரொட்டியும் முட்டையும்தான். சம்பளம் எனக்கு அதேதான். வேலைகூடக் குறைவு. ஆனாலும் துடைப்பத்தோடு அடுக்களை வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் கால் ஒரு நொடி நின்றுவிடும்.

"வாசல்ல நின்னா வாசனைதான் கிட்டும் இத்தா, உள்ளே வாங்க" என்பாள் அவள்.

"வேலை கிடக்கு" என்று நான் போய்விடுவேன். அவள்மீது கோபம் என்று நினைத்திருப்பாள். என் கோபம் என் வாய்மீதுதான்.

அப்புறம் மருமகள், வேலை செய்கிற எல்லாரும் விருந்தாளிகளிடம் நாலு வார்த்தை ஆங்கிலம் பேச வேண்டும் என்றாள். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை உண்டு. அதன் மாடியில் சனிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார்கள். அங்கே போகச் சொன்னாள். டீச்சர் முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சொல்லையும் மறுமுனையில் யாரோ காத்திருப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொல்வார். நாங்கள் எட்டுப் பேர். நான் புத்தக அலமாரியை ஒட்டிக் கடைசியில் உட்காருவேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ 'கேன்' என்ற சொல் வந்தது. தமிழில் நீச்சல் தெரியும் என்கிறோம், மலையாளம் வரும் என்கிறோம், மூட்டை தூக்க முடியும் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் ஒரே சொல்தானாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரே பாத்திரத்தில் எல்லாம் வைத்துக்கொள்ளலாம், கழுவுவதும் சுலபம்.

டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, தன்னால் முடிகிற ஒன்றைச் சொல்லச் சொன்னார். தையல்காரி, ஸ்கூட்டர் ஓட்டுவேன் என்றாள். பக்கத்துத் தெருவில் மசாலாக் கடையில் நிற்கிறவள் எழுந்து, "இந்த ஏலக்காய் நேத்துப் பறிச்சதுன்னு முகம் மாறாமச் சொல்ல எனக்கு வரும். அதுக்கு இங்கிலீஷ் என்ன டீச்சரே?" என்றாள். சிரித்து முடிக்க நேரம் ஆனது.

என் முறை வந்தது. "ஐ கேன்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "ஐ கேனாட்" என்று முடித்தேன்.

"என்ன கேனாட்?" என்றார் டீச்சர்.

"ஒண்ணும்."

"ஒண்ணுமேவா? யோசிச்சுச் சொல்லுங்க. என்ன செய்ய வரும்?"

"எனக்கென்ன தெரியும் டீச்சர்."

மசாலாக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். "என்ன இத்தா இது! பெருநாளைக்கு எங்க வீட்டுக்கு நூறு பத்திரி சுட்டுத் தந்தது யாரு, உங்க நிழலா?"

டீச்சர் விடவில்லை. "கடைசியாக் கேக்கறேன். என்ன செய்ய வரும்?"

மூன்றாவது தடவை. அது உறைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஐ கேன் மேக் பத்திரி" என்றேன். சபையில் தலைத்துணி நழுவியது போலக் கூசியது. உட்கார்ந்த பிறகும் காது சூடாக இருந்தது. ஆனால் யாரும் என்னை வாய்க்காரி என்று பார்க்கவில்லை. அடுத்தவளை எழுப்பிவிட்டார்கள்.

சில வாரம் கழித்து 'குட்' வந்தது. நல்லது என்கிற குட் இல்லை, கேனுக்கு இறந்தகாலம். முன்பு முடிந்தது, இப்போது அப்படி இல்லை என்று சொல்ல அந்தச் சொல் என்றார் டீச்சர். ஒருத்தி, சின்ன வயசில் மரம் ஏறுவேன் என்றாள். இன்னொருத்தி, கண்ணாடி இல்லாமல் ஊசி கோர்ப்பேன் என்றாள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பத்திரி சுடுவேன் என்பதைக் கேனில் சொல்வதா, இந்தக் குட்டில் சொல்வதா? ஆறு மாதமாக நான் அந்த அடுக்களையில் மாவைத் தொடவில்லை. இன்னும் ஆறு மாதம் போனால் இந்தச் சொல்தான் எனக்கு மிஞ்சும். அன்று வகுப்பில் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டீச்சர், ஒருவரிடம் மரியாதையாகக் கேட்பதற்கும் இதே சொல்தான் என்றார். நான் செய்யலாமா என்று தாழ்மையாகக் கேட்க, 'குட் ஐ'. அதை மட்டும் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. வேலைக்கு நடந்து போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனேன். இஞ்சி மண்டி வாசலில் படுத்திருந்த ஆடுகளுக்குக்கூடப் பாடமாகியிருக்கும்.

மருமகள் சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்றேன்.

"என்ன இத்தா?"

"குட் ஐ மேக் பத்திரி?"

போனைக் கீழே வைத்தாள். "உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொன்னீங்களே!"

"தெரியும்."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நாங்க அப்படித்தான் சொல்லுவோம் மோளே. நீ ரெண்டாவது தடவை கேட்பேன்னு நின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "நான் ஆபீஸ்ல இருந்தவ இத்தா. ஒருத்தர் முடியாதுன்னு சொன்னா அதோட விட்ருவோம். திரும்பக் கேட்டா தொந்தரவு செய்யற மாதிரி ஆகும். அது சரி, அம்மச்சி செய்வாங்களே அந்தப் பத்திரி, நான் வரும்போதெல்லாம்..."

"அம்மச்சி நாற்காலியில இருந்தாங்க."

அவள் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப சேச்சியை நான் எப்படிப் போகச் சொல்றது?" என்றாள்.

"சேச்சிக்குக் காது இருக்கு" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது. கையில் செதில் ஒட்டியபடியே வெளியே வந்தாள். "அவங்க போக வேண்டாம், நான் அதுக்குக் கேக்கலை" என்றேன். ஆறு மாதத்தில் நான் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"முதல் போட்டைப் பிடிக்கப் படகுத்துறைக்கு ஓடி ஓடி என் நெஞ்சு வலிக்குது. காலைச் சாப்பாட்டை இத்தா பார்க்கட்டும். நான் நிதானமா வந்து மீனைப் பார்த்துக்கறேன்" என்றாள் சேச்சி. என்னைப் பார்த்து, "இத்தனை நாளா வாசல்ல நின்னு முறைச்சதுக்குக் காரணம் இதுதானா? வாயில என்ன, பத்திரியா இருந்தது?" என்றாள்.

மருமகள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு ஒருநாள் செய்யுங்கள், பார்க்கலாம் என்றாள்.

அந்த ஞாயிறு நான் பெருமையாக எழுதும்படி இல்லை. பத்துப் பேருக்கான அளவு கை விட்டுப்போயிருந்தது. தண்ணீர் குறைந்து மாவு வறண்டது. முதல் மூன்று பத்திரி ஓரம் கிழிந்தது. சேச்சி பார்த்துவிட்டு, "இது கேனா, குட்டா?" என்றாள். வகுப்புக் கதையை நானேதான் அவளிடம் சொல்லியிருந்தேன். சுடுநீர் தெளித்து மறுபடி பிசைந்தேன். நாலாவது பத்திரி கல்லில் பந்துபோல எழும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அன்று மேல் அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண், என் வயது இருக்கும், தட்டோடு அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் போக வழி இல்லை. கேன் யூ என்று தொடங்கி ஏதோ கேட்டாள். செய்து காட்ட முடியுமா என்பது மட்டும் புரிந்தது. "நோ, நோ" என்று என் வாய் சொல்லிவிட்டது. பழக்கம்தான். அவள் முகம் வாடித் திரும்பினாள்.

"இத்தா!" என்று சேச்சி கத்தினாள்.

"கேன்" என்றேன் நான். "ஐ கேன்." அந்தப் பெண் நின்றாள். ஒரு மாவு உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

இப்போது காலைச் சாப்பாடு வாரத்தில் ஐந்து நாள் என்னுடையது. மருமகள் என்னிடம் எது கேட்டாலும் விரலை மடக்கி எண்ணுகிறாள். "இத்தா, நாளைக்கு எட்டுப் பேர், பற்றுமா? ரெண்டாவது தடவை. மூணாவது தடவை." முன்பு மூன்றாவது விரல் மடங்கும்வரை நிற்பேன். இப்போதெல்லாம் இரண்டாவது விரலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் விரலில் இன்னும் வரவில்லை.

இதில் எனக்குச் சில சந்தேகம் உண்டு. எழும்பியது நாலாவது பத்திரியா, ஐந்தாவதா என்று வைப்பின் சேச்சியைக் கேட்டால் சரியாகச் சொல்வாள். எந்த வாரம் எந்தச் சொல் வந்தது என்று டீச்சரின் நோட்டில் இருக்கும். ஆங்கிலச் சொற்களை நான் எழுதியிருப்பது சரிதானா என்பதையும், ர, ற இரண்டையும், தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.