மொசெல் வெட்டிய மரம்

அந்த நவம்பரில் பன்றிகள் கூப்பிடாமலே மலையிலிருந்து இறங்கி வந்து வேலியோரம் நின்றன.

எங்கள் ஹாஸ்கெட் மாவட்டத்தில் பன்றிக்குத் தீனி போட்டு வளர்த்தவர் எவரும் அப்போது கிடையாது. வசந்தத்தில் காதில் வெட்டு அடையாளம் போட்டு மலைக்கு விரட்டிவிடுவார்கள். செஸ்ட்நட் மரங்கள் உதிர்க்கும் கொட்டைகளைத் தின்று அவை கொழுத்துப்போகும். குளிர் பிடித்ததும் நாய்களோடு மேலே போய், கத்தி, கல்லெறிந்து, முட்புதரில் உருண்டு புரண்டுதான் அவற்றைப் பிடித்து வர வேண்டும். ஆனால் 1927-இல், மொசெல் டில்லார்ட் பால் கறக்கக் கதவைத் திறந்தபோது, விலா எலும்பு தெரிய அவை வரிசையாக நின்று அவள் முகத்தையே பார்த்தன.

"ஆர்பன், இங்க வந்து பாரு. பன்னியெல்லாம் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வாசல்ல நிக்குது."

அவள் கணவன் ஆர்பன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். ஒரு பன்றியின் முதுகைத் தடவிப் பார்த்தான். முதுகெலும்பு கையில் தட்டியது.

"மேல ஒண்ணும் இல்ல போல," என்றான்.

மரங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது இரண்டு வருஷமாகவே தெரிந்ததுதான். பட்டையில் துருப்பிடித்ததுபோல ஆரஞ்சு நிறப் புள்ளிகள். அந்த இடம் குழிந்து வெடிக்கும். அதற்கு மேலே உள்ள கிளையெல்லாம் கோடை நடுவிலேயே கருகும். மழை இல்லாததால் என்றார்கள் சிலர். மின்னல் என்றார்கள் சிலர். வடக்கே இதே நோய் காடு காடாகத் தின்றுவிட்டு வருகிறது என்று அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்து சொன்னபோது, அவரது பூட்ஸ் பளபளப்பைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள்.

ஏனென்றால் அந்த மரம் போகும் என்று நினைத்துப் பார்க்கவே யாருக்கும் வரவில்லை. வீட்டுப் பலகை அது, கூரை வேயும் மரச்சில்லு அது, வேலி அது, தொட்டில் அது, சவப்பெட்டி அது. இலையுதிர் காலத்தில் வீட்டோடு போய்க் கொட்டை பொறுக்கி, கோணியில் கட்டி, ஃபெரல் கடையில் இறக்கிவிட்டு, காப்பிக்கொட்டை, உப்பு, துணி, பிள்ளைகளுக்குச் செருப்பு என்று வாங்கி வருவார்கள். மொசெலின் ஒரே மகள் லியோட்டா சின்ன வயதில், செருப்பும் அந்த மரத்தில்தான் காய்க்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் பன்றிகளை எல்லாம் ஒரே வாரத்தில் வெட்டினார்கள். உருக்கினால் கொழுப்பே இறங்கவில்லை.

பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், இது மலை ஜனங்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்றார். சாராயம் காய்ச்சுவதையும் நடனம் ஆடுவதையும் எடுத்துச் சொன்னார். வெளியே வந்ததும் மொசெல் அவர் காதுபடவே கேட்டாள்:

"சாராயம் காய்ச்சுனது மனுசன். அணில் என்னங்க பண்ணுச்சு? அதுவுமா டான்ஸ் ஆடுச்சு?"

சிலர் சிரித்தார்கள். ஆர்பன் சிரிக்கவில்லை. அவன் மனசு வேறெங்கோ இருந்தது.

அடுத்த வசந்தத்தில் ஓடைக்கரையிலிருந்து களிமண் அள்ளி வந்து, மரங்களின் புண்மீது அப்பி, கோணித்துணி சுற்றிக் கட்ட ஆரம்பித்தான். உழவு கிடந்தது. வேலி சரிந்து கிடந்தது. அவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் மரமாக ஏறினான். பக்கத்து மேட்டில் குடியிருந்த காஸ் யோக்கம் வேலியில் சாய்ந்துகொண்டு கூப்பிடுவான்:

"ஏண்டா ஆர்பன், மரத்துக்குப் பத்துப் போடுறியாமே? கஞ்சி கிஞ்சி குடுத்தியா? ராத்திரி இருமுச்சுன்னா வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து படுக்க வெச்சிரு."

"உன் நாக்குல கொஞ்சம் களிமண் அப்புறேன் வா," என்பான் ஆர்பன். அந்த முதல் வருஷம் அவனுக்குப் பதில் சொல்லத் தெம்பு இருந்தது.

களிமண் பூசிய இடம் ஆறியதுபோல இருந்தது. அதற்கு மேலே, கை எட்டாத உயரத்தில், புதுப்புண் வந்தது. நான்கைந்து வருஷத்தில் காடு முழுக்கச் செத்தது. ஜூன் மாதத்தில் பூத்து வெளுத்துக்கிடக்கும் மலை, பட்டை உரிந்து சாம்பல் நிற எலும்புகளாக நின்றது. காற்றடித்தால் பச்சை மரத்தின் சலசலப்பு இல்லை. குச்சி குச்சியோடு மோதும் சத்தம்தான்.

அப்போதுதான் பள்ளத்தாக்கில் ரயில் பாதையோரம் இருந்த ஆலைக்கு யோகம் அடித்தது. செஸ்ட்நட் கட்டையைச் சீவி வேகவைத்து, தோல் பதனிடும் சாறு எடுக்கும் ஆலை அது. செத்த மரம் என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். வெட்டிக் கொண்டுவாருங்கள், எவ்வளவு ஆனாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மாவட்டத்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் கோடரியைத் தூக்கினார்கள். கடைக்கார ஃபெரல் எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொன்னார்: "உயிரோட இருந்தப்போ போட்ட சோத்தவிட செத்த பெறகு அதிகமாப் போடுது பாத்தியா?"

ஆர்பன் ஒரு குளிர்காலம் முழுக்கப் போகவில்லை. வீட்டில் சோளமாவு தீர்ந்து, பீன்ஸ் தீர்ந்து, கடைசியில் மொசெல் விதைச் சோளத்தை உரலில் போட்டதைப் பார்த்த அன்று, எழுந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான். தான் களிமண் பூசிய மரங்களைத் தானே அறுத்தான். சாயங்காலம் வந்தால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பான். "என்ன ஒட்டிருக்கு?" என்று மொசெல் கேட்டால் மறுபடி தண்ணீர் மொள்ளுவான்.

இதோடு முடிந்திருந்தால் அவன் தேறியிருப்பான் என்று மொசெல் பிற்பாடு பலமுறை நினைத்தாள். மரம் முழுசாகச் சாகவில்லை. அதுதான் வினை. வேர் உயிரோடு இருந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து முளை கிளம்பும். ஆளுயரம் வளரும். அப்புறம் பட்டையில் அந்த ஆரஞ்சுப் புள்ளி வரும், கருகும். மறுபடி வேரிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு முளைக்கும் ஆர்பன் முட்கம்பி கட்டினான். ஒவ்வொன்றும் சாகும்போது அவன் வாரக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அடுத்தது துளிர்த்ததும் மறுபடி பேசினான். வீட்டின் பேச்சும் மௌனமும் அந்தக் குச்சிகள் கையில் இருந்தன.

செருப்பில்லாததால் லியோட்டா இரண்டு குளிர்காலம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஃபெரல் வீட்டில் தரை துடைக்கப் போனாள். ஒருநாள் அந்த வீட்டுப் பெண் கழித்துப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு, பூரித்துப்போய்ச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். மொசெல் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய் மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

1935 வசந்தத்தில் அவள் தம்பி லானி வந்தான். கீழ்நாட்டில் ஒரு நூற்பாலையில் இருந்தான். தலைமுடியெல்லாம் ஆலைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அக்கா, மூணு பேருக்கும் வேல சொல்லி வெச்சிருக்கேன். ஆலையே வீடு குடுக்குது. ஜூன் கடைசிக்குள்ள வந்திரணும், இல்லேன்னா வேற குடும்பத்துக்குப் போயிரும். மச்சான், நீங்க என்ன சொல்றீங்க?"

ஆர்பன் சோளரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். "ஊத்தங்கரை மரம் இந்த வருஷம் பூக்கும். காய்க்குதான்னு பாத்துட்டு வரேன்."

"மரமா? அது குச்சி மச்சான்."

"வீட்டவிட உசந்திருச்சு. ஒரு புள்ளி இல்ல. நீயே போய்ப் பாரு."

உண்மைதான். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்று இருந்த இடத்தில், முதலில் செத்த மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய அந்த ஒன்று மட்டும் எப்படியோ நோய்க்குத் தப்பி, மொசெலின் தொடை கனத்துக்கு வளர்ந்திருந்தது. ஜூன் மாதம் பூத்தது. ஆர்பன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருப்பான். கோவிலில்கூட அவன் முகம் அப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

அவன் வண்டியில் கட்டை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்த ஒரு பகலில், துணி துவைத்துக்கொண்டிருந்த மொசெலிடம் லியோட்டா கேட்டாள்: "அம்மா, அது காய்ச்சிருச்சுன்னா நாம மில்லுக்குப் போவோமா, மாட்டோமா?"

மொசெல் பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். காய்க்காவிட்டால் அவன் அடுத்த வருஷத்துக்குக் காத்திருப்பான். காய்த்தாலோ, சாகிறவரை இந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். எப்படிப் பார்த்தாலும் மகள் ஃபெரல் வீட்டுத் தரையில்தான் முட்டி போட்டிருப்பாள்.

"நீ போய் மாட்ட மேய்ச்சல்ல கட்டிட்டு வா," என்று மகளை அனுப்பினாள். கோடரியை எடுத்தாள்.

மரம் இளசு. சீக்கிரமே விழுந்தது. பூவெல்லாம் ஊற்றுத் தண்ணீரில் மிதந்தது. பட்டையை அடி முதல் நுனி வரை தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு புள்ளி, ஒரு குழி, ஏதாவது. வெட்டுவாயில் மரம் பால்போல வெளுத்திருந்தது. எங்கேயும் எதுவும் இல்லை.

சாயங்காலம் அவன் வண்டியை அவிழ்ப்பதற்குள் அவளே போய்ச் சொன்னாள்.

"ஊத்தங்கரை மரத்த நான் வெட்டிட்டேன்."

அவன் குதிரையின் வாரைப் பிடித்தபடி நின்றான். "புண்ணு வந்திருச்சா?" என்றான். கெஞ்சுவதுபோல இருந்தது அந்தக் குரல்.

"வந்திருச்சு."

அவன் ஊற்றங்கரைக்குப் போனான். இருட்டுகிற வரை வரவில்லை. வந்து மேசை முன்னால் உட்கார்ந்தான். அவள் தட்டு வைத்தாள்.

"புண்ணு வந்திருச்சுன்னு சொன்னே," என்றான்.

"ஆமா."

"சரி." சாப்பிட்டான். மிச்சம் வைக்கவில்லை. "லானிகிட்ட வரோம்னு சொல்லு."

அடித்திருந்தால், கத்தியிருந்தால், அவளும் கத்தியிருப்பாள். அதற்கு இடமே கிடைக்கவில்லை.

நூற்பாலையில் மொசெலுக்கும் லியோட்டாவுக்கும் நூல் இயந்திரத்தில் வேலை. ஆர்பனுக்குப் பஞ்சு கூட்டுகிற வேலை. வீட்டில் மின்விளக்கு இருந்தது. லியோட்டா முதல் கூலியில் செருப்பு வாங்கி, படுக்கையிலும் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஆர்பன் யாரோடும் சண்டை போடவில்லை. ஜன்னலே இல்லாத கூடத்தில் நாள் முழுக்கத் துடைப்பத்தோடு நடந்தான். வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். மறு வசந்தத்தில், கூரை ஒழுகுகிறதா என்று பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

"எப்ப வருவே?" என்றாள் மொசெல்.

"பாத்துட்டு வரேன்."

பல சனிக்கிழமைகள் அவள் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். பிறகு போவதை நிறுத்தினாள். மறுபடி ரம்பம் எடுத்திருக்கிறான், மிச்சமிருக்கும் செத்த மரங்களை வெட்டி ஆலைக்குப் போடுகிறான் என்று லானி மூலமாகத் தெரிந்தது. போய் அழைத்து வரலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தாள். அவன் முன்னால் நின்று அந்தப் பொய்யை இன்னொரு முறை சொல்லவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. போகவில்லை.

1937 அக்டோபரில் காஸ் யோக்கம் நூற்பாலை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனைக் கண்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மேல காஞ்ச கொம்பு முறிஞ்சு விழுந்துச்சு, மொசெல். சத்தம் குடுத்தேன். நிமிந்து பாத்தான். நகரல."

"நகர முடியலையா, நகரலையா?"

காஸ் தொப்பியின் விளிம்பைத் திருகினான். "எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. அவன எத்தன கேலி பண்ணிருக்கேன் நானு."

ஞாயிற்றுக்கிழமை புதைத்தார்கள். சவப்பெட்டிக்குப் பைன் பலகைதான் கிடைத்தது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்ததால் குழி வெட்டவே ஆள் தேட வேண்டியிருந்தது. ஃபெரல் கடையிலும் அலமாரிகள் காலியாகிக்கொண்டிருந்தன. செத்த மரமும் தீர்ந்துவருகிறது, ஆலையை மூடப் பேசிக்கொள்கிறார்கள் என்று அவர் சொன்னார்.

திங்கட்கிழமை வராவிட்டால் இயந்திரம் வேறொருத்திக்குப் போய்விடும். மத்தியானப் பஸ்ஸிலேயே திரும்பினார்கள். மலை இறங்கி முடிகிற வளைவில் லியோட்டா கேட்டாள்:

"அப்பா ஏம்மா நம்மகூட இருக்கல?"

"அவருக்குக் காட்டுல வேல இருந்துச்சு."

"நான் மில்லுக்குப் போகணும்னு ஆசப்பட்டதாலயா?"

"இல்ல. சும்மா இரு."

லியோட்டா அழுதாள். மொசெல் அவளைத் தோளோடு இழுத்துச் சாய்த்துக்கொண்டாள். ஊற்றங்கரை மரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை என்று சொல்லிவிட வாயெடுத்தாள். இப்போது சொல்லிவிட்டால் மகளுக்கு அப்பாவோடு அம்மாவும் போய்விடுவாள் என்று தோன்ற, வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு இருபத்து மூன்று வருஷம் அதே ஆலையில், அதே வரிசையில் நின்று, அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். பஞ்சு நெஞ்சில் அடைத்து இறக்கும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை.