ஒன்பது பத்து வண்டியைக் கேட்டால் தூங்கும் நாய்

பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாம் நடைமேடைக்கு மேலே இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்வது அவள் வேலை. பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழைவும் இல்லாத, அதட்டலும் இல்லாத குரல். வண்டியைக் கோட்டை விட்டவர்கள்கூட அந்தக் குரலின் மேல் குறைப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். மூன்றாவது மாடியில் ஒற்றை ஆளாக இருந்தாள். எட்டு மணி நேரம் ஊருக்கே பேசியவளுக்கு அப்புறம் பேசத் தெம்பும் இல்லை, ஆளும் இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் தம்பி ஒரு ஸ்பேனியல் நாயைக் கொண்டுவந்து இறக்கினான். பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டு மாதிரி முடி. பின்னி விடலாம் போல நீளமாகத் தொங்கும் காதுகள். எப்போதும் அழுது முடித்தவை போன்ற கண்கள்.

"என் வீட்டுக்காரிக்கு நாய் முடி ஒத்துக்கலைக்கா. தும்மிக்கிட்டே இருக்கா. ஒரு வாரம் பாத்துக்கோ" என்றான்.

அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

தம்பி வீட்டில் அதற்கு வாயில் நுழையாத ஏதோ பெயர். நாற்காலி காலியாக இருந்தாலும் அவள் மடியில்தான் உட்காருவேன் என்று அது பிடிவாதம் பிடித்ததைப் பார்த்து, அக்கா அதைத் துரை என்று கூப்பிட்டாள். துரைக்கு வேலைகள் நிறைய இருந்தன. எல்லாம் அவள் செய்ய வேண்டியவை. காலையில் கண்ணோரத்தை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காதுக்குப் பின்னால் விழுந்த சிக்கை எடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது காதுகள் கிண்ணத்தில் முங்கிவிடுவதால், இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி ரப்பர் பேண்ட் போட வேண்டும். அந்தக் கோலத்தில் துரை தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை. தன் தலையையே வாரிக்கொள்ள நேரமில்லாமல் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் இரண்டாம் மாடி டெய்லர் கதவைத் தட்டினார். ஐம்பதைத் தாண்டிய, மனைவியை இழந்த மனிதர். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கெளம்பின நிமிஷத்துலேர்ந்து வர்ற வரைக்கும் உங்க நாய் அழுவுது. குரைச்சா பரவாயில்லைங்க. இது செத்த வீட்டுல அழற மாதிரி அழுவுது. நேத்து ஒரு அம்மா ப்ளவுஸ் வாங்க வந்துட்டு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க."

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. பழைய கைப்பேசியில் தன் குரலைப் பதிவு செய்து ஓட விட்டுப் பார்த்தாள். "துரைக்கண்ணு, சமத்தா இரு, அக்கா வந்துடுவேன்" என்று கொஞ்சினாள். துரை அவளையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு முன்னைவிட உருக்கமாக அழுதது. ஒரு தாலாட்டு பாடினாள். அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அடுத்த வாரம் துரைக்குக் காதில் சீழ் வைத்தது. மதியம் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதால், காலையில் அதையும் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனாள். மேஜைக்கு அடியில் முனகிக்கொண்டே இருந்தது. அவள் மைக்கைப் போட்டு, "பயணிகள் கவனத்திற்கு. தடம் எண் நாற்பத்திரண்டு, மூன்றாம் நடைமேடையிலிருந்து ஒன்பது பத்துக்குப் புறப்படும்" என்றாள். முனகல் நின்றது. அடுத்த அறிவிப்பில் கண்ணை மூடியது. அதற்கடுத்ததில் குறட்டை.

மருத்துவர் காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து எழுதித் தந்தார். இந்த அதிசயத்தைச் சொன்னதும் அவர், "உங்க உண்மையான குரல் அதுதான்னு நெனச்சிருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா முழு நாளுக்கான அறிவிப்புகளையும் அந்தந்த நேரத்துக்கு ஒலிக்கும்படி பழைய கைப்பேசியில் பதிவு செய்தாள். காலையில் ஓட விட்டுவிட்டுப் போவாள். துரை நாள் முழுக்கத் தூங்கியது.

கட்டடத்தில் மற்றவர்கள் தூங்கவில்லை. ஆனால் யாரும் குறை சொல்லவும் இல்லை. எதிர்வீட்டு ஆசிரியை கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். நாற்பத்திரண்டைச் சொன்னதும் செருப்பை மாட்டுவாள். முதல் மாடிக்கு வந்த ஒரு விருந்தாளி, பெட்டியோடு மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "இங்கதான் வண்டி வரும் போல, மேல சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார். டெய்லர் பதினைந்தாம் எண் கிளம்புவதற்குள் ஒரு சட்டைக்குக் கழுத்து வைத்துவிடுவது என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகம் கால அட்டவணையை மாற்றியது. நாற்பத்திரண்டாம் எண் எட்டு ஐம்பத்தைந்துக்கு மாறியது. நடைமேடைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டார்கள். வீட்டுப் பதிவு மட்டும் பழையதையே சொல்லிக்கொண்டிருந்ததால், ஆசிரியை மூன்று நாள் வண்டியைத் தவறவிட்டாள். குடியிருப்போர் சங்கம் கூடியது. அக்கா தலைகுனிந்து நின்றாள்.

"நிறுத்தச் சொல்லலைம்மா" என்றார் சங்கத் தலைவர். "சரியான நேரத்தைச் சொல்லச் சொல்றோம், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை புதிதாகப் பதிவு செய்வதாகச் சொன்னாள். ஆனால் நிலையத்தில் குழம்பிப்போன கூட்டத்துக்கு ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை சொல்லிச் சொல்லி, சனிக்கிழமை மதியம் அவள் குரல் அறுந்துபோனது. தொண்டை மருத்துவர் பத்து நாள் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்.

நிலைய மேலாளர் தானே மைக்கைப் பிடித்துப் பார்த்தார். அவர் திட்டுகிறார் என்று நினைத்துப் பயணிகள் வரிசையில் நின்றார்கள். சீட்டு கொடுக்கும் எழுத்தருக்கு மைக்கைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு, தன் பெயரையும் அப்பா பெயரையும் மட்டும் சொல்ல முடிந்தது. ஞாயிறு மாலை மேலாளர் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். மடியில் துரையை வைத்துக்கொண்டு அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: கீழ்வீட்டு டெய்லருக்கு எல்லாம் தெரியும்.

"எனக்கு மனப்பாடம்லாம் இல்லைங்க. காதுல விழுந்தது, தங்கிடுச்சு" என்றார் டெய்லர். மறுநாள் அளவு நாடாவைக் கழற்ற மறந்து, கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு, மெஷின் மிதிப்பது போல ஒரு காலை ஆட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சிக்கல் என்னவென்றால், அவருக்குத் தெரிந்தது பழைய அட்டவணை. முன்னால் இருந்த புதுத் தாளை அவர் பார்க்கவே இல்லை. ஒன்பது பத்து என்று காதில் விழுந்ததும் நாற்பத்திரண்டின் ஓட்டுநர் நிம்மதியாக உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தார். பயணிகள் பழைய நடைமேடைக்கே போனார்கள். கால்களுக்கு அந்த வழிதான் தெரியும். வண்டிகளும் பின்னாலேயே போயின. மேலாளருக்கு இது உறைத்தபோது இரண்டு நாள் ஓடியிருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"எனக்கு இதான் தெரியும். புதுசு வேணும்னா இன்னும் எட்டு மாசம் கேக்கணுங்க."

மேலாளர் சன்னல் வழியாகப் பார்த்தார். யாரும் ஓடவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. அறைக்குப் போய், புதிய அட்டவணை நடைமுறைக்கு ஏற்பச் செம்மைப்படுத்தப்பட்டதாக ஓர் அறிக்கை எழுதினார். தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

அந்தப் பத்து நாளும் அக்கா வீட்டில் பகலைப் பார்த்தாள். சன்னல் வெயில் தரையில் எந்தெந்த இடத்துக்குப் போகிறது என்று இதற்கு முன் அவளுக்குத் தெரியாது. துரை வெயிலோடு நகர்ந்து நகர்ந்து படுத்தது. ஐந்தாம் நாள் அது மடியில் ஏறி, அவள் வாயையே உற்றுப் பார்த்தது. அவள் உதட்டை மட்டும் அசைத்து, சத்தமே இல்லாமல் நாற்பத்திரண்டைச் சொன்னாள். துரை ஒரு பெருமூச்சு விட்டு, அவள் முழங்கையில் மூக்கைச் செருகித் தூங்கிப்போனது. கால் மரத்துப்போன பிறகும் அவள் அசையவில்லை.

பதினோராம் நாள் குரல் திரும்பியது. வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் டெய்லர் நின்றிருந்தார்.

"இனிமே ஃபோன்ல ரெக்கார்டைப் போட வேணாங்க. இவனைக் கீழ விட்டுட்டுப் போங்க. எனக்கும் வண்டி நேரத்தைச் சொல்லிக்கிட்டே தைச்சாத்தான் கை ஓடுது."

அவள் திரும்பி மேலே போய்த் துரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு துரைக்கு எப்போது சொட்டு மருந்து, எந்தக் காதில் சிக்கு அதிகம், பிஸ்கட் கேட்டால் ஏன் அந்தக் கண்களை நம்பக் கூடாது என்று கால் மணி நேரம் விடாமல் பேசினாள். அந்தக் கட்டடத்தில் அவள் அவ்வளவு பேசியது அன்றுதான்.

இப்போது டெய்லரிடம் தைத்த துணி எல்லாவற்றிலும் வெள்ளை முடி இருக்கிறது. போன வாரம் ஒரு மாப்பிள்ளை தன் கறுப்புக் கோட்டைத் தூக்கிக் காட்டி இது என்னங்க என்று கேட்டார். டெய்லர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "போட்டுப் பாருங்க, கதகதப்பா இருக்கும்" என்றார்.